தோட்டாவின் தரம்: கிர்க்கி முதல் சேலம் வரை ஒரு வரலாற்று நோக்கு

நாமக்கல்லை அடுத்த கொல்லிமலையில் காவல்துறை அவ்வப்போது நாட்டுத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்கிறது. தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்ற அறிவிப்பும் மலையூர்களுக்குப் போகிறது. குழல்வாயில் கரிமருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, பால்ரஸ் குண்டைப் போட்டுக் கம்பியால் இடித்துச் சுடும் கருவி அது. மருந்து கூடினாலும் குறைந்தாலும் பொறுப்பு சுடுபவருடையது. கீழே சமவெளியில் உரிமம் பெற்று .32 ரிவால்வர் வைத்திருப்பவரின் நிலை வேறு. அவர் வாங்கும் தோட்டா வாய் மூடிய பொருள். உள்ளே இருப்பதை அவர் பார்க்க வழியில்லை, ஆலையை நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை எங்கெங்கே பழுதுபட்டது, ஒவ்வொரு முறையும் பழுதுக்குக் காரணம் எங்கே கிடந்தது என்பதை இக்கட்டுரை தேடுகிறது. என் முடிபு இது: இந்தியத் தோட்டாக்களை வாட்டிய பெரிய குறைகள் ஆலை வாசலில் நடக்கும் கடைசிச் சோதனைக்கு அகப்படாதவை. அவை ஒன்று பித்தளையை இழுக்கும் கட்டத்தில் பிறந்தன, இல்லையேல் கிடங்கில் பிறந்தன.

கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் 1846-லும், புனேயை அடுத்த கிர்க்கியில் 1869-லும் தோட்டா ஆலைகள் எழுந்தன. 1857 ஜனவரியில் டம்டம்மில் கிளம்பிய கொழுப்புத் தடவிய தோட்டாப் பிரச்சினையை நாம் அரசியல் வரலாறாக மட்டுமே படிக்கிறோம். தடவியது எந்தக் கொழுப்பு என்று சிப்பாய்க்குத் தெளிவாகச் சொல்ல நிர்வாகத்திடம் சான்று இல்லை என்ற வகையில், அது மூலப்பொருள் கட்டுப்பாட்டின் தோல்வியும்கூட.

காகிதக் கூடு போய் உலோகக் கூடு வந்ததும் சிக்கல் இடம் மாறியது. தொடக்ககால பாக்ஸர் தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. சுட்டுச் சூடேறிய அறையில் அது ஒட்டிக்கொண்டு கிழிந்தது. 1885 சூடான் போரில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதன்பின் ஒரே பித்தளை வட்டைக் கிண்ணமாக அழுத்தி, படிப்படியாக இழுத்து நீட்டிய கூடு நிலைபெற்றது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த இந்தப் பித்தளை இழுக்க இழுக்க இறுகும். இறுகிய உலோகத்துக்குள் விசை தங்கிவிடும். வெளியே பார்த்தால் கூடு பளபளவென்று குறையின்றி இருக்கும்.

குறை வெளிப்பட்டது இந்திய மழைக்காலத்தில். பிரிட்டிஷ் படையினர் மழை ஓயும்வரை தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்தார்கள். பெட்டியைத் திறந்தபோது சுடாத தோட்டாக்களின் கழுத்தில் நெடுக்குவாட்டில் விரிசல் ஓடியிருந்தது. உலோகவியல் பாடநூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வு இது. பருவத்தோடு வந்ததால் அதற்குப் ‘பருவப் பிளவு’ என்று பெயர் விழுந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவரும் 1921-ல் காரணத்தை விளக்கினர்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், கூட்டுக்குள் தங்கிய விசை ஆகிய மூன்றும் கூடினால்தான் பிளவு. இவற்றில் ஒன்றை நீக்கினாலும் போதும். ஆலை தன் பங்குக்குக் கூட்டை மிதமான சூட்டில் பதப்படுத்தி உள்விசையைத் தணித்தது; கிடங்கு லாயத்தை விட்டு விலகியது. நாமக்கல் வாசகருக்கு இது தொலைவான செய்தி அல்ல. கோழிப் பண்ணைக் கொட்டகையில் கண்ணைக் கரிக்கும் வாடை அதே அம்மோனியாதான். பண்ணை அலுவலக மேசையில் தோட்டாவைப் போட்டு வைப்பவர் அந்தப் பழைய லாயத்தையே திரும்பக் கட்டுகிறார்.

மருந்தின் கதை நீலகிரியில் நடக்கிறது. 1889-ல் ஏபலும் டூவரும் உருவாக்கிய கார்டைட், நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கலந்தது. வெப்பத்தில் மெல்லச் சிதையும் இயல்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்னூருக்கு மேலே அருவங்காட்டில் கார்டைட் ஆலை அமைந்தது. இத்தகைய சரக்குக்குக் குளிர்ந்த மலை பொருத்தமான இடம்.

கைத்துப்பாக்கிக்கு இந்த மருந்து தனியொரு சிக்கலைக் கொண்டுவந்தது. .303 ரைஃபிள் தோட்டாவில் மருந்து ஏறத்தாழ 2 கிராம். .32 ரிவால்வர் தோட்டாவில் 0.2 கிராமுக்கும் குறைவு. நிரப்பும் எந்திரம் 0.02 கிராம் தவறினால் ரைஃபிளுக்கு அது நூற்றில் ஒன்று. ரிவால்வருக்குப் பத்தில் ஒன்றுக்கும் மேல். மருந்து போதாத தோட்டாவின் குண்டு குழலிலேயே தங்கிவிடும்; அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். கரிமருந்துக்கென்று அளவெடுத்த .455 வெப்லி தோட்டாவின் நீண்ட கூட்டில் கார்டைட் சீராக எரியவில்லை என்பதால் 1897-ல் அதன் கூட்டையே குறுக்க வேண்டியிருந்தது.

சோதிப்பதிலும் அடிப்படையான இடர் ஒன்று உண்டு. நாமக்கல் முட்டையை உடைக்காமலே விளக்கொளியில் பிடித்து உள்ளே பார்த்துவிடலாம். தோட்டா சுடுமா என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும், சுட்டபின் அது இல்லை. ஆகவே ஒரு தொகுதியில் சிலவற்றைச் சுட்டு மற்றவற்றைக் கணிப்பதே வழி. இந்தக் கணிப்பைக் கணிதமாக்கிய புள்ளியியலின் பெரும்பகுதி அமெரிக்கத் தொலைபேசி ஆய்வகங்களில் தோன்றி, இரண்டாம் உலகப்போரின் தளவாடக் கொள்முதலில் பரவியது. அத்துறையின் முன்னோடி ஷூவார்ட், இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைப்பில் 1947-48-ல் இந்தியா வந்தார். ஆனால் மாதிரிச் சோதனை அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். மழைக்காலம் பல கடந்தபின் அதே தொகுதி எப்படியிருக்கும் என்று அதனால் சொல்ல முடியாது.

தமிழர் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு 1967 ஜனவரி 12. எம்.ஆர்.ராதா ரிவால்வரால் எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு அருகில் சுட்டும் இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பழையவை, நெடுநாள் கிடந்து வீரியம் குறைந்தவை என்பதே தடயவியல் தந்த விளக்கம். ஆலையை விட்டு வந்த நாளில் அவை எல்லாச் சோதனையிலும் தேறியவையாகவே இருந்திருக்கலாம்.

ஆலையா, கிடங்கா என்ற வழக்கு அண்மையிலும் எழுந்தது. 2014 முதல் 2020 வரை குறைபாடான வெடிபொருளால் ரூ.960 கோடி வீணானதாகக் கூறும் ராணுவத்தின் உள்அறிக்கை ஒன்று 2020-ல் பத்திரிகைகளில் வெளியானது. அதில் பேசப்பட்டவை பெரும்பாலும் பீரங்கி, விமான எதிர்ப்புக் குண்டுகள். கையாளும் முறை, பீரங்கியின் பராமரிப்பு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது அவற்றைத் தயாரித்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் தயாரிப்பவரும் ஆய்பவரும் வாங்குபவரும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்ததால் அதைத் தீர்க்க வெளிநடுவர் இல்லை. 2021 அக்டோபர் 1-ல் வாரியம் கலைந்து ஏழு நிறுவனங்களானது. கிர்க்கியும் அருவங்காடும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்குப் போயின. கான்பூரில் 2024-ல் தனியார் தோட்டா ஆலையும் திறந்தாயிற்று.

2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சேலமும் ஒன்று. இந்தப் பகுதியின் பட்டறைகள் தோட்டா உதிரிகளுக்குள் நுழைந்தால், அவை முதலில் எழுதி வைக்க வேண்டியது உலைச்சூட்டின் பதிவேடு: எந்தத் தொகுதி, எந்த நாள், எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், பத்தாண்டு கழித்து ஒரு கழுத்து பிளக்கும்போது குற்றம் பட்டறையினுடையதா, ஆலையினுடையதா, மேசை இழுப்பறையினுடையதா என்று எந்த ஆய்வகமும் சொல்லப்போவதில்லை.