சேர்வராயன் மலையடிவாரச் சாலைகளும் சுங்கச்சாவடியும்: வரிப்பொருள் மாற்றம் குறித்த வரலாற்று ஆய்வு

முன்னுரை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும், தொப்பூர்க் கணவாய் வழியாகத் தர்மபுரிக்கும் செல்லும் வழிகள் தமிழகத்தின் தொன்மையான வணிகப் பாதைகள் அமைந்த நிலப்பரப்பைச் சேர்ந்தவை. இப்பகுதியின் சாலை வரலாற்றில் சுங்கச்சாவடிக்குத் தனி இடம் உண்டு. ஆயினும் 'சுங்கம்' என்னும் ஒரே சொல் காலந்தோறும் வெவ்வேறு வரிகளைக் குறித்து வந்தமையால், அவற்றை ஒரே தொடர்ச்சியாகக் கொள்ளும் பிழை நேர்கின்றது. சரக்கின்மீது விதித்த வரியும் சாலையைப் பயன்படுத்துவதற்குப் பெற்ற கட்டணமும் நோக்கத்தால் வேறுபட்டவை என்பதையும், அவற்றின் சுமை யார்மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

உல்கும் பெருவழியும்

சங்க இலக்கியத்தில் வழிச்செல்லும் சரக்கின்மீதான வரி 'உல்கு' எனப்பட்டது. பெரும்பாணாற்றுப்படை உல்கு பெறப்பட்ட பெருவழியையும், பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்கின்மேல் புலிப்பொறி இடப்பட்டதையும் காட்டுகின்றன. திருக்குறளின் 756ஆம் குறள் உல்குபொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்துகின்றது. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டமை, அவ்வரி மக்களால் எவ்வளவு உணரப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

தர்மபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கல் ஒன்று நாவற்றாவளத்திற்கான தொலைவை 29 காதம் எனக் குறிக்கின்றது. எழுத்தறியாத வழிப்போக்கரும் அறியும்வண்ணம் எண்ணுக்கு நிகராகக் குழிகளும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இது வணிகர் நடமாட்டம் மிகுந்த வழி இப்பகுதியில் இருந்ததை உறுதிசெய்கின்றது.

சாயர் வரியும் அதன் நீக்கமும்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு ஆட்சியராகவும் தாமஸ் மன்றோ அவருடைய துணைவர்களுள் ஒருவராகவும் பணியாற்றினர். நிலவரியுடன் 'சாயர்' என்னும் தலைப்பில் அடங்கிய வழிச்சரக்கு வரிகளும் அக்கால வருவாய் நிர்வாகத்தின் பகுதியாக இருந்தன. இவ்வரி சாலையைச் செப்பனிடுவதற்காகப் பெறப்பட்டதன்று. சரக்கு இடம்பெயர்வதே வரிக்குக் காரணம்.

வங்காள உள்நாட்டுச் சுங்கம் குறித்து சார்லசு டிரெவிலியன் அளித்த அறிக்கை வணிகம் தடைப்படுவதையும் ஊழியர் இழைத்த தொல்லைகளையும் வெளிப்படுத்தியது. வங்காளத்தில் 1836இலும், பம்பாயில் 1838இலும், சென்னை மாகாணத்தில் 1844இலும் இவ்வரி நீக்கப்பட்டது. ஆனால் இழந்த வருவாயை ஈடுசெய்யச் சென்னை அரசு உப்பு விலையை உயர்த்தியது. சாவடியில் வணிகர் செலுத்தியது நீங்கி, ஒவ்வொரு குடும்பத்தின் உலையிலும் அச்சுமை ஏறிற்று எனலாம்.

சாலைக் கட்டணச் சாவடிகள்

வரி நீங்கிய பின்னரும் சாவடி மறையவில்லை. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884ஆம் ஆண்டின் தலத்தாபனச் சட்டமும் வண்டிகள், விலங்குகள்மீது சாலைக் கட்டணம் பெற வழிவகுத்தன. சாவடிகள் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைத் தொகைக்கு மேல் கிடைப்பது குத்தகைதாரருக்கே உரியது என்பதால், தண்டலில் கடுமை காட்டும் தூண்டுதல் இம்முறையிலேயே அடங்கியிருந்தது.

சேலம் மாவட்டத்தில் இக்காலம் போக்குவரத்து பெருகிய காலமுமாகும். 1861இல் இருப்புப்பாதை சேலத்தை எட்டியது. ஆட்சியர் எம். டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைத் தொடங்கிவைத்திருந்தார். தோட்டங்கள் விரிந்தபோது மலைவிளைபொருள் அடிவாரச் சாலைகளின் வழியே சேலத்திற்கும் நிலையத்திற்கும் சென்றது. கிளியூர் முதலிய மலையூர்களில் சரக்கு தலைச்சுமையாகவும் பொதிமாடுகளிலும் ஒற்றையடிப் பாதைகளில் இறங்க வேண்டியிருந்தது. சட்டம் வண்டியையும் விலங்கையும் மட்டுமே கணக்கிட்டமையால் தலைச்சுமைக்காரர் கட்டண வரம்பிற்குள் வரவில்லை. பொதிமாட்டுக்காரரும் சமவெளி வண்டிக்காரரும் வந்தனர்.

பிரித்தானியாவிலும் இதே சிக்கல் நிலவியது. சென்னையில் வழிச்சரக்கு வரி நீங்கிய அதே 1844இல், வேல்சு உழவர்கள் சாவடிகளைத் தகர்த்த 'ரெபெக்கா' கிளர்ச்சியின் விளைவாகத் தென்வேல்சுச் சாலைக் கட்டணங்களைச் சீர்திருத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அந்நாட்டின் கடைசிச் சாலை அறக்கட்டளை 1895இல் முடிவுற்றது. சென்னை மாகாணத்திலோ சாவடிகள் மேலும் ஒரு தலைமுறைக்கு நீடித்தன.

1931: சாவடியின் மறைவு

உந்து வண்டிகளின் வருகை இம்முறையைக் காலாவதியாக்கியது. மாட்டுவண்டிக்கு ஏற்ற இடைவெளியில் அமைந்த சாவடிகள் பேருந்திற்குத் தொடர் தடைகளாயின. 1927இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழு சாலைக்கு நாடளாவிய நிதியமைப்பு வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1929இல் பெட்ரோல் வரி வழி மையச் சாலை நிதி உருவாயிற்று. 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் சாலைக் கட்டணங்களை நீக்கி, தலத்தாபனங்களுக்கு ஈட்டுத்தொகை வழங்க வகைசெய்தது.

இதனால் பயணம் எளிதாயிற்று. அதே வேளையில் மாவட்டக் கழகங்கள் தாமே தண்டிய ஒரு வருவாயை இழந்து, மாகாண அரசின் ஒதுக்கீட்டைச் சார்ந்து நிற்கலாயின. சாவடியின் நீக்கத்தை வண்டிக்காரரின் விடுதலையாக மட்டும் காண்பது முழுமையாகாது; உள்ளாட்சியின் நிதித் தற்சார்பு குறைந்த வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது.

இடப்பெயர்ச் சான்று

கட்டடங்கள் அழிந்தாலும் பெயர்கள் எஞ்சியுள்ளன. கோயம்புத்தூரின் சுங்கம், திருச்சிராப்பள்ளியின் நம்பர் ஒன் டோல்கேட், வடசென்னையின் டோல்கேட் ஆகியவை இதற்குச் சான்றுகள். தமிழ்ச்சொல் ஓரிடத்திலும் ஆங்கிலச்சொல் பிறவிடங்களிலும் நிலைபெற்றமை தனித்து ஆராயத்தக்கது.

முடிவுரை

சேலம்–தர்மபுரி நெடுஞ்சாலையில் தொப்பூரையடுத்த பாளையத்திலும் ஓமலூரிலும் இன்று மீண்டும் சாவடிகள் உள்ளன. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் இருசக்கர வண்டி, உழுவை, மாட்டுவண்டி முதலியவற்றிற்குப் பொதுவாக விலக்களிக்கின்றன. 1884இல் கட்டணத்தின் பெருஞ்சுமையைத் தாங்கிய மாட்டுவண்டி இன்று கட்டணமின்றிச் செல்கின்றது. சரக்கு, வண்டி, உந்து என வரிப்பொருள் மாறியுள்ளது. தண்டல் ஏலக் குத்தகையிலிருந்து மின்னணு வில்லைக்கு மாறியுள்ளது. பெற்ற பணம் அச்சாலைக்கே செல்கின்றதா, அதனை முடிவுசெய்வோர் யார் என்னும் வினா மட்டும் மாறவில்லை. சுங்க வரலாற்றை ஆராய்வோர் சொல்லின் தொடர்ச்சியைவிட இவ்வினாவின் தொடர்ச்சியையே அளவுகோலாகக் கொள்ளுதல் பொருத்தமாகும்.