சிறுநீரை அடக்கும் குளிசைகள்: முதியவர்கள் கவனிக்க வேண்டியவை

கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ போகுமுன், அங்கே கழிப்பறை எங்கே இருக்கும் என்று யோசிப்பவர்கள் எம்மிடையே பலர். திடீரென அடக்க முடியாத அவசரம், பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போக வேண்டியிருப்பது, இரவில் பலமுறை எழும்புவது ஆகியவை மிகையாக இயங்கும் சிறுநீர்ப்பையின் அறிகுறிகளாகும். வெட்கத்தினால் பலர் இதை வைத்தியரிடம் சொல்வதில்லை.

சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கச் செய்வது அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள். அதைத் தடுக்கும் குளிசைகளே ஒக்சிபியூட்டினின், டொல்டெரோடின், சொலிபெனசின் போன்றவை. இவற்றின் முழுப் பயன் தெரிய நான்கு வாரங்கள் வரை செல்லலாம். இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் சிறுநீர் கசிபவர்களுக்கு இவை உதவமாட்டா. அது தசைத்தளம் தளர்வதால் வருவது.

அசற்றைல்கோலின் உடலின் வேறு பகுதிகளிலும் வேலை செய்கிறது. அதனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியன ஏற்படலாம். சிறுநீர் முழுதாக வெளியேறாதவர்களுக்கும், குறுங்கோணக் குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இவை ஆபத்தானவை.

மூளையும் இதற்கு விலக்கல்ல. பிரித்தானியாவின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் இவ்வகை மருந்துகளை நீண்டகாலம் பாவிப்பதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் எச்சரிக்கை அவசியம்.

தடிமனுக்குப் போடும் குளோர்பெனிரமின், நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிற்றிப்டிலின் ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு. ஒன்றோடொன்று சேரும்போது சுமை கூடும். குளிசை தொடங்கிய பின் அம்மாவோ அப்பாவோ தடுமாறினால், குழம்பிப் பேசினால், வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் செய்யக்கூடியவை வேறு உள்ளன. தேநீர், கோப்பியைக் குறைத்தல், சிறுநீர் கழிக்கும் இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டி ஆறு வாரங்களாவது பழகுதல், இடுப்புத் தசைப் பயிற்சி ஆகியன பலருக்குப் பலன் தரும். சிறுநீர்த் தொற்று, நீரிழிவு உள்ளதா என்பதையும் பரிசோதிக்க வேண்டும். மிராபெக்ரோன் என்ற குளிசை வேறு வழியில் செயற்படுவது. உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள் அதிலும் கவனமாக இருக்க வேண்டும்.

கிளினிக் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம்.