கை பேசிய பெட்டி

குன்னூருக்கு அருகே, தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸ் அறையில், சென்ற மாதம் ஒரு பழைய சிநேகிதனைக் கண்டேன். மேஜைமேல் வைக்கும் மரப்பெட்டி டெலிபோன். பக்கத்தில் கைப்பிடி, தலையில் இரண்டு மணிகள். அதன் எதிரில்தான் என் தந்தையார் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தார்.

கிரஹாம் பெல் டெலிபோனுக்கு உரிமை பெற்றது 1876-ல். ஆறே வருஷத்தில், 1882 ஜனவரியில், சென்னைக்கு எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு வேண்டிய மின்சாரத்தை அவரவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடியைச் சுழற்றினால், லாடக் காந்தங்களின் நடுவே கம்பிச்சுருள் சுழன்று, எதிர்முனையில் மணி அடிக்கும். பேசுவதற்கோ தனியே பாட்டரி. ஆதியில் அது நவச்சாரக் கரைசல் நிரப்பிய கண்ணாடி ஜாடி. வாய்வைத்துப் பேசும் பகுதிக்குள் கரித்துணுக்குகள் இருக்கும். ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1878-ல் கண்ட உபாயம் அது. நம் குரல் அவற்றை நெருக்கியும் தளர்த்தியும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். ஈரத்தில் அவை ஒட்டிக்கொண்டால் செல்லமாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும்!

காதில் வைக்கும் குழலுக்குப் பாட்டரி வேண்டாம். எதிராளி அனுப்பும் மின்னோட்டமே போதும். ஆகவே நம் பாட்டரி ஓய்ந்துபோனால், அவர் பேசுவது நமக்குக் கேட்கும். நாம் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

1978 நவம்பர் மழையில் நீலகிரியில் பல இடங்களில் மலை சரிந்தது. அப்போதும் இந்தப் பெட்டி, ஆபீசுக்கும் கீழேயிருந்த பாக்டரிக்கும் இடையே உழைத்துக்கொண்டிருந்தது. ஓர் இரவு, லைன் வீடுகளுக்கு மேலே மண் இளகுவதை அப்பா கண்டார். நடுவிலிருந்த பாதையை ஓடை அடித்துக்கொண்டு போயிருந்தது. கைப்பிடியைச் சுழற்றினார்.

“யாருங்க? கிளார்க் ஐயாவா? ஒண்ணுமே கேக்கலையே!” என்றார் பாக்டரிக் காவல்காரர். பாட்டரி ஓய்ந்திருந்தது.

அப்பா குழலை மாட்டிவிட்டு மறுபடி சுழற்றினார். மறுபடியும் அதே கேள்வி. மணிக்குப் பாட்டரி வேண்டாமே! விடாமல் சுழற்றினார். குரலில்லாமல் மணி மட்டும் அலறினால் ஏதோ ஆபத்து என்று அந்தப் புண்ணியவான் புரிந்துகொண்டார். லைனிலிருந்தவர்களை எழுப்பிப் பாக்டரிக்குள் கொண்டுவந்தார். விடிந்தபோது இரண்டு வீடுகள் மண்ணுக்குள் இருந்தன. வீடுகளில் யாரும் இல்லை.

இன்று எல்லார் சட்டைப்பையிலும் கைபேசி இருக்கிறது. அந்தப் பெயர் முதலில் யாருக்குச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். கைப்பிடியை ஒருமுறை சுழற்றிப் பார்த்தேன். மணி அடித்தது.