அருகிருந்து கற்பித்தல்



கல்வியினால் ஒரு குடி உயரும் என்பதை மறுப்பார் இன்று ஒருவருமிலர். ஆயினும், அக்கல்வி ஒருவரை எவ்வாறு நல்ல தொழிலிலும் பதவியிலும் கொண்டுசேர்க்கின்றது என்று ஆராய்ந்தறிவார் சிலரே. பள்ளியிற் சேர்த்தால் போதும், புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதும், பரீட்சைக் கட்டணம் செலுத்தினால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். யாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று தமிழ் கற்பித்து வருகின்றோம். எம் அநுபவத்திற் கண்டது வேறு. அறுபது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பிற் சொல்லப்படுவது அறுபதின்மர் செவியிலும் விழும். எனினும், தன் குறையறிந்து, தன் விருப்பமறிந்து, அருகிருந்து சொல்லித் தருவார் ஒருவர் வாய்க்கப்பெற்ற பிள்ளையே மேலேறிச் செல்கின்றது. இவ்வுண்மையை நம் புதுக்கோட்டைச் சீமையின் சரித்திரம் நன்கு விளக்குகின்றது. அதனை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

இவ்வாறு ஒருவர்க்கு ஒருவர் கற்பிக்கும் முறை முற்காலத்தில் இரண்டிடங்களிற் சிறந்து விளங்கிற்று. ஒன்று வித்துவான்களுடைய வீடு. மற்றொன்று அரசருடைய மாளிகை.

முதலாவதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கஞ்சிரா என்னும் சிறு வாத்தியத்தைச் சங்கீத சபையிற் பெருமையுடன் அமரச் செய்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவர்தம் லய ஞானம் அச்சுப் புத்தகத்தின் வழியாகப் பரவியதன்று. அவரிடம் பயின்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், பழனி முத்தையா பிள்ளையும், முத்தையா பிள்ளையின் மைந்தராகிய பழனி சுப்பிரமணிய பிள்ளையும் கைவழியாகவும் செவிவழியாகவும் அதனைப் பெற்றுப் பெரும் புகழ் எய்தினர். மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் புதுக்கோட்டை வழி என்று இன்றும் வித்துவான்கள் தனித்துப் பேசுவது, ஓர் ஆசிரியர் சில மாணாக்கரை அருகிருத்திப் பழக்கியதன் பயனேயாம்.

இனி, அரச மாளிகையைக் காண்பாம். சென்னையில் அரசினர் நடத்திய உயர்தரப் பள்ளி, பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்குத் தலைவராய் இருந்தவர் பவல் என்னும் ஆங்கிலேயர். அவரிடம் பயின்றவருள் இருவரை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். ஒருவர் கும்பகோணத்திற் பிறந்த மாதவராவ். மற்றொருவர் தஞ்சை நாட்டு அமராவதி என்னும் ஊரிற் பிறந்த சேஷையா சாஸ்திரியார். இருவரும் 1828-ஆம் ஆண்டிற் பிறந்தவர். மாதவராவ் 1849-இல் திருவிதாங்கூர் அரச குமாரர்க்கு ஆசிரியராக அமர்த்தப்பெற்றார். அந்த ஆசிரியப் பதவியே அவர் பின்னர் அந்நாட்டுத் திவானாக உயர்வதற்கு முதற்படியாயிற்று. 1872-இல் அவர் விலகிய பின் அப்பதவியை ஏற்றவர், உடன் பயின்ற சேஷையா சாஸ்திரியாரே.

அச்சாஸ்திரியார் 1878-இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்தார். இன்று நாம் நடமாடும் நகர வீதிகளின் ஒழுங்கைக் கண்டு வியப்போர் அவர் பெயரைச் சொல்லாதிரார். அவர் காலத்தில் அரசுரிமை பெற்றவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1875-இற் பிறந்த அவர், 1886-இல் பட்டமெய்தியபோது பத்து வயதுப் பாலகர். சாஸ்திரியார் அரசப் பிரதிநிதியாய் இருந்து நாட்டை ஆள, கிராஸ்லி என்னும் ஆங்கிலேயர் சிறுவருக்குத் தனியாசிரியராய் இருந்து கற்பித்தார். 1894-இல் ஆட்சிப் பொறுப்பு முழுதும் இளைய அரசரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஒரு சிறுவரை ஒரு பதவிக்குத் தகுதியுடையவராக்குதற்கு ஓர் ஆசிரியரின் காலம் முழுதும் செலவிடப்பட்டமையை இங்கே கவனித்தல் வேண்டும். அது பணமுள்ள மாளிகைக்கு இயன்றது. குடியானவன் வீட்டுக்கு இயன்றதன்று.

நிற்க. அவ்வரசர் காலத்திலேயே, மாளிகைக்கு வெளியே, ஒரு வீட்டில், ஒரு பெண் குழந்தைக்கு அத்தகைய கல்வி கிட்டிற்று. அதுவே இக்கட்டுரையின் உயிராவது.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராய் இருந்தவர் நாராயணசாமி ஐயர். அவர்தம் மனைவியார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அம்மணத்தினால் ஐயரின் சுற்றத்தார் அவரை விலக்கிவைத்தனர். இவ்விருவர்க்கும் 1886 ஜூலை 30-ஆம் நாள் பிறந்த மூத்த மகளே பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று உலகம் போற்றும் அம்மையார். பருவமெய்தியதும் அக்கால வழக்கப்படி சிறுமி பள்ளியினின்று நிறுத்தப்பட்டாள். தாயாரோ மணமகன் தேடலாயினார். எத்துணையோ பெண்களின் கல்வி அந்நாளில் அவ்விடத்தில் முடிந்தது. ஆனால், இவள் கல்வி முடியவில்லை, வீட்டிலேயே தொடர்ந்தது. வீட்டிலிருந்தே படித்து, பள்ளி செல்லாத தனித் தேர்வராக 1902-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினாள்.

அதன் பின்னரே பெருந்தடை எழுந்தது. ஆண்பிள்ளைகள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டி விண்ணப்பித்தபோது, அந்நாளில் முதல்வராய் இருந்தவர் விரும்பவில்லை. பிள்ளைகளின் பெற்றோரும் எதிர்த்தனர். பெண் என்பது ஒரு காரணம். அவள் தாய் பிறந்த மரபு மற்றொரு காரணம். அப்போது அரசராய் இருந்தவர், தனியாசிரியரிடம் பயின்று வளர்ந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே. அவர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். உபகாரச் சம்பளமும் வழங்கினார்.

இதன் பின்னும் ஒரு செய்தி உண்டு. கல்லூரிப் படிப்பு முடிந்தபோது, மகள் பள்ளி ஆசிரியை ஆகலாம் என்பது தந்தையின் எண்ணம். மகளின் எண்ணம் அதனினும் உயர்ந்திருந்தது. அவள் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தாள். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றாள். ஆசிரியன் தன் அளவையே மாணாக்கனின் எல்லையாக வைத்தல் கூடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? யாமும் ஆசிரியரே. நல்ல பிள்ளையைக் கண்டவுடன் “நீயும் ஆசிரியராகலாம்” என்று சொல்வது எமக்கும் பழக்கம். இச்செய்தியை அறிந்தபின் நாவை அடக்கி, “உன் விருப்பம் யாது?” என்று முதலிற் கேட்கக் கற்றோம்.

அவ்வம்மையாரின் பிற்காலப் பணிகள் நாடறிந்தவை. சென்னைச் சட்டசபையில் முதற் பெண் உறுப்பினராய், அதன் துணைத் தலைவராய் இருந்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வாதாடினார். 1947-இல் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. ஆதரவற்ற சிறுமியர்க்காக 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் அவர் முயற்சியால் திறக்கப்பெற்றது. 1968-இல் அவர் மறைந்தார். இத்தனைக்கும் வித்து, பள்ளியினின்று நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு வீட்டில் அருகிருந்து புகட்டப்பட்ட கல்வியன்றோ?

இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் மறையாது கூறுதல் வேண்டும். அன்று எதிர்த்த பெற்றோர் யாவர்? வேற்று நாட்டாரல்லர், இச்சீமையில் மதிப்புடன் வாழ்ந்த குடும்பத்தார். அவர்களுள் நம் பாட்டனாரும் இருந்திருக்கலாம். நம் குலத்துப் பெருமையை மாதந்தோறும் இவ்விதழில் எழுதும் நாம், ஒரு சிறுமியின் கல்விக்குக் குறுக்கே நின்றோரின் வரிசையில் நம்மவர் நின்றாரில்லை என்று துணிந்து சொல்லக்கூடுமோ? துரோணாசாரியர் அருச்சுனனுக்கு அருகிருந்து கற்பித்ததை மட்டும் போற்றி, ஏகலைவனை மறப்பது நேர்மையாகாது. அருகிருந்து கற்பிக்கும் அன்பு, தன் வாயிலை யாருக்குத் திறக்கின்றது என்பதனாலேயே அளக்கப்படும்.

மற்றுமொன்று. இப்பயிற்சி அரண்மனைக்கும் கல்லூரி முதல்வர் இல்லத்துக்குமே உரியது என்று மனந்தளர வேண்டுவதில்லை. 1974-இல் தனி மாவட்டமாகிய நம் புதுக்கோட்டையில், 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அப்போது மாவட்ட ஆட்சித் தலைவர். ஊர்தோறும் தொண்டர்கள் கூலி பெறாது, சிறு சிறு குழுக்களாக அமர்த்தி, கல்லுடைப்போர்க்கும் களையெடுப்போர்க்கும் எழுத்தறிவித்தனர். அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாகப் பெண்கள் மிதிவண்டி பழகினர். ஒருத்தி பின்னிருந்து பிடித்துக்கொள்ள மற்றொருத்தி மிதித்தாள். பழகியவள் மறுநாள் வேறொருத்திக்குப் பிடித்தாள். இவ்வாறு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகினர் என்பர். மிதிவண்டியைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தல் இயலாது. ஒரு கை பிடித்துக்கொள்ளவும் வேண்டும். தக்க சமயத்தில் அக்கை விட்டுவிடவும் வேண்டும். பதவியேறப் பழக்குதலும் அத்தகையதே.

எம் வாழ்விலும் இதற்குச் சான்றுண்டு. எம் தந்தையார் திருமயத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வானம் பார்த்த நிலத்தை உழுதவர். கையெழுத்தன்றி வேறெழுத்து அறியாதவர். அவ்வூரில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் இருந்தார். மாலைதோறும் எம்மைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, விண்ணப்பம் எழுதுவித்து, பிழைகளைச் சிவப்புப் பென்சிலாற் சுழித்துக் காட்டுவார். எமக்குத் தமிழிற் பற்று மிகுதி என்பதை எமக்கு முன்னே கண்டவர் அவரே. “கணக்கில் உனக்கு மனம் செல்லவில்லை, தம்பி, தமிழ் படி. அதற்குப் பட்டமும் உண்டு, பயிற்சியும் உண்டு, வேலையும் உண்டு” என்று கூறி, எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்றும் எழுதித் தந்தார். அவர் எம் குலத்தவரல்லர். காசு ஒன்றும் பெற்றாரல்லர். இன்று யாம் உண்ணும் சோறு அந்தத் திண்ணையின் சோறு.

ஆயின், யாம் பெற்றதைப் பிறர்க்கு அளித்தோமா? ஒரு சான்று கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் தமிழில் முதலாக நின்ற பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். செவிலியர் படிப்பில் அவளுக்கு ஆசை. ஈராண்டு கழித்துப் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டோம். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்குப் போய்வருவதாகக் கூறினாள். விரல்களில் கறை இருந்தது. “ஏனம்மா, படிப்புக்கு எழுதிப் போடவில்லையா?” என்றோம். “கடைசி நாள் எப்போதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க, ஐயா” என்றாள். அவளுக்கு யாப்பிலக்கணம் கற்பித்தோம். விண்ணப்பத்தின் கடைசி நாளை யாம் கூறவில்லை. அக்குற்றம் எம்முடையதே.

ஆதலின், சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம்முள் அரசு அலுவலகங்களிலும், வங்கிகளிலும், மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும் பணியாற்றுவோரும் ஓய்வுபெற்றோரும் பலருளர். அவருள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். வாரத்தில் ஒரு நாழிகையேனும் அப்பிள்ளையுடன் அமர்தல் வேண்டும். முதலில் அதன் விருப்பத்தைக் கேட்க. பின்னர் எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு, எந்தச் சான்றிதழ், எந்நாள் கடைசி என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க. விண்ணப்பத்தை அப்பிள்ளையே எழுதட்டும். நாம் பிழை திருத்துவோம். நேர்முகத் தேர்வில் நிமிர்ந்து அமர்ந்து விடை சொல்லப் பழக்குவோம். பெண் குழந்தையாயின், அவள் தாயார் உடனிருக்க, அவள் வீட்டிலேயே கற்பிப்போம். தாயாரின் அச்சமும் அதனால் நீங்கும்.

தேர்வுக்குப் பயிற்றும் நிலையங்கள் ஊர்தோறும் இருக்க இது எதற்கு என்று சிலர் வினவலாம். அந்நிலையங்கள் பாடத்தைக் கற்பிக்கும், நன்றே. ஆனால், இப்பிள்ளைக்கு இத்தேர்வு ஏற்றதா என்று சொல்லுதற்கு அப்பிள்ளையை அறிந்தார் ஒருவர் வேண்டும். அன்றியும், கட்டணம் செலுத்த இயலாதவன் வாயிலிலேயே நின்றுவிடுகின்றான்.

நம் குலத்துப் பிள்ளைக்கு மட்டும் செய்தால் போதாதோ என்று வேறு சிலர் கேட்பர். நம் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோம், அதில் தவறில்லை. ஆனால், திண்ணையில் வந்து அமரும் பிள்ளையைக் குலங்கேட்டு எழுப்பாதிருப்போம். சங்கத்தின் பணம் சங்கத்தார்க்கு உரியதாகலாம். நாம் அறிந்த அறிவு அவ்வாறு வரையறுக்கத் தக்கதன்று. அன்று கல்லூரி வாயிலில் குறுக்கே நின்றோரின் கடனை நம் காலத்திற் சிறிதேனும் தீர்ப்பதற்கு இதனினும் நல்ல வழி யாம் அறியோம்.

இவ்வாண்டுப் பொதுத்தேர்வு முடிவு வெளிவரும் முன்னர், யாம் எம் பங்குக்கு ஒரு பிள்ளையைத் தெரிந்துகொண்டோம். அப்பிள்ளைக்குரிய கடைசி நாட்களை எழுதிய தாள் எம் சட்டைப் பையில் இருக்கின்றது. அன்பர்களும் அவ்வாறே ஒவ்வொரு தாள் எழுதுவாராக. கல்வி வளர்க! யாவரும் உயர்க!