எலும்புக்கு ஊர்வலம்!

ஏதென்ஸ் நகரம் விழாக்கோலம் பூண்டு நிற்கிறது. பலி ஒருபுறம், பவனி மறுபுறம். வெற்றி வாகை சூடிய தளபதி கிமோன் வருகிறான். அவனுக்குக் காட்டப்படும் மரியாதையினும் மேலான மரியாதை, அவன் கப்பலிலே வந்திறங்கிய பேழைக்கு! பேழைக்குள்ளே பொன்னா? இல்லை. மணியா? அதுவும் இல்லை. எலும்புகள்! மாண்டு மண்ணாகிப் போன மாவீரன் தீசியசின் எலும்புகள் என்று சொல்லப்பட்டவை. ஆண்டு, ஏறத்தாழ கி.மு. 475.

எலும்பு கிடைத்த விதத்தைப் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். டெல்ஃபிக் கோயிலிலே குறி கேட்டார்களாம். தீசியசின் எலும்புகளைக் கொண்டுவந்து போற்றுக என்று குறி சொல்லப்பட்டதாம். ஸ்கைரோஸ் தீவிலே ஒரு மேட்டைக் கழுகு ஒன்று கொத்திக் கிளறியதாம். தோண்டிப் பார்த்தால், பேருருவம் படைத்த ஒருவனின் எலும்புகள். பக்கத்திலே வெண்கல ஈட்டி, வாள்!

கழுகைக் காட்டிய கதை, காட்டாமல் விட்ட காட்சி ஒன்று உண்டு. துசிடிடஸ் என்ற வரலாற்றாசிரியர் அதை ஒரே வரியிலே சொல்லிவிட்டுப் போகிறார். ஸ்கைரோஸ் தீவை ஏதென்சு பிடித்தது. அங்கே வாழ்ந்த டோலோப்பிய மக்களை அடிமைகளாக்கியது. தன் குடிகளை அங்கே குடியேற்றியது. எலும்பைப் பற்றி அவர் அந்த இடத்தில் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. அத்தீவினர் கடற்கொள்ளைக்காரர் என்பது குற்றச்சாட்டு, இருக்கட்டும். குற்றவாளிகளைத் தண்டித்தவன், குழந்தை குட்டிகளோடு ஒரு தீவையே அடிமைச் சந்தைக்கு அனுப்புவானேன்? ஊர்வலத்தின் ஆரவாரத்திலே அந்த அழுகுரல் எவர் காதில் விழுந்திருக்கும்!

யார் இந்தத் தீசியஸ்? ஏதென்சின் அரசன் ஈஜியசின் மகன். தந்தையைத் தேடி வரும் வழியிலே கொள்ளைக்காரர் பலரைக் கொன்றவன். கட்டிலுக்கு நீளமானவனின் காலை வெட்டி, குட்டையானவனை இழுத்து நீட்டிக் கொடுமை செய்த புரோக்ரஸ்டசை அதே கட்டிலில் கிடத்தி முடித்தவன். கிரீட் தீவின் மன்னன் மைனாசுக்கு ஏதென்ஸ் கப்பம் கட்டி வந்ததாம். ஏழு இளைஞர், ஏழு கன்னியர். அவர்கள் மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மைனோட்டாருக்கு இரை. தீசியஸ் போனான்; அரசிளங்குமரி அரியாட்னி கொடுத்த நூலைப் பற்றிக்கொண்டு புகுந்தவர் மீளாத சுழல்மனையிலே புகுந்தான்; கொன்றான்; மீண்டான். நூல் கொடுத்த நங்கையை நாக்சாஸ் தீவிலே தூங்கும்போது விட்டுவிட்டு வந்தான் என்பதும் கதையிலேயே இருக்கிறது. வீரனுக்கு அது வசையாகப் படவில்லை போலும்!

இதையெல்லாம் கிரேக்கர் அனைவரும் கைகட்டி வாய்பொத்திக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே செனோபனிஸ் கேட்டார்: ஹோமரும் ஹீசியடும் பாடிய தேவர்கள் திருடுகிறார்களே, பிறன்மனை நாடுகிறார்களே, ஒருவரை ஒருவர் ஏய்க்கிறார்களே, இவர்களா வணக்கத்துக்குரியவர்? கறுத்த மக்கள் தம் கடவுளரைக் கறுப்பாகக் காண்கிறார்கள், திரேசியர் நீலக்கண்ணும் செம்பட்டை மயிரும் உடையவராகக் காண்கிறார்கள். மாட்டுக்குக் கை இருந்து படம் தீட்டத் தெரிந்தால், அதன் கடவுளுக்குக் கொம்புதான் முளைத்திருக்கும் என்றார். நெஞ்சுரம் பாருங்கள்!

அவருக்குப் பின் வந்த பலருக்கு அந்த நெஞ்சுரம் இல்லை, சாமர்த்தியம் இருந்தது. ரீஜியம் ஊரார் தியாஜனிஸ், தேவர்களின் சண்டை என்பது நெருப்பும் நீரும் காற்றும் மோதுவதே என்று உட்பொருள் உரைத்தார். ஆபாசத்துக்கு அத்தர் பூசிய அலுவல் இது! கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பாலிபேட்டஸ் என்பவர், நம்ப முடியாத கதைகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். பாதி மனிதன் பாதி குதிரை என்பதெல்லாம் பொய். முதன்முதலிலே குதிரை ஏறிய இளைஞர்களைத் தொலைவிலிருந்து கண்டவர் கட்டிய கதை என்றார். ஆக்டியான் என்பவனை அவனுடைய வேட்டை நாய்களே தின்றனவாமே? நாய் வளர்த்தே சொத்தை அழித்தான் என்பதுதான் பொருளாம். காளைத்தலையன்? டாரஸ், அதாவது காளை என்ற பெயருடைய ஒருவனாம், அவ்வளவுதான்!

பகுத்தறிவு போலத் தோன்றுகிறது, இல்லையா? தோழர்களே, இங்கேதான் விழிப்பு வேண்டும். பாலிபேட்டஸ் காளையின் கொம்பைத்தான் பிடுங்கினார். அரசனின் முடியைத் தொடவில்லை. அதிசயத்தை அகற்றிவிட்டு ஆளை அப்படியே விட்டுவிட்டார். புளூட்டார்க்கும் தம் நூலின் தொடக்கத்தில், கதையைத் துலக்கி வரலாற்றின் வடிவம் பெறச் செய்ய முயல்வதாகச் சொல்கிறார். துலக்கித் துலக்கிக் கொடுத்தால் கிடைப்பது என்ன? நம்ப முடியாத பொய் போய், நம்பக்கூடிய பொய் வந்து உட்காருகிறது! முன்னதைக் குழந்தையும் கண்டு சிரிக்கும். பின்னது பாடநூலில் ஏறிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் முல்லர் வந்தார். புராண வீரர் பலரும் கதிரவனே, வீழ்ந்த அரக்கரெல்லாம் இருளே என்று விளக்கினார். 1870இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி இதழிலே ஒருவர், அதே முறையைக் கையாண்டு, மாக்ஸ் முல்லர் என்று ஒரு மனிதரே இல்லை, அவரும் கதிரவனைக் குறிக்கும் கட்டுக்கதைதான் என்று மெய்ப்பித்துக் காட்டிக் கேலி செய்தார்! எதையும் மெய்ப்பிக்கும் முறை எதையும் மெய்ப்பிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கதை மெய்யா பொய்யா என்பதோடு கேள்வி நின்றுவிடக் கூடாது. எப்போது வளர்ந்தது? எவர் வளர்த்தார்? எவருக்கு ஆதாயம்? ஹோமரின் காவியங்களிலே தீசியசுக்குக் கிடைத்த இடம் மிகமிகச் சிறிது. அந்தச் சிறிய இடத்திலும் ஒரு வரியை, ஏதென்சின் கொடுங்கோலன் பைசிஸ்டிராட்டஸ் தானே நுழைத்தான் என்றும், ஹீசியடின் பாட்டில் தீசியசுக்கு இழுக்குத் தந்த ஒரு வரியை நீக்கினான் என்றும் மெகாரா நாட்டார் ஒருவர் குற்றம் சாட்டினார். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏதென்சு தலையெடுக்கும் வேளையிலே, தீசியசின் வழிப்பயண வீரச்செயல்கள் மட்பாண்டங்களில் ஓவியமாகப் பெருகுகின்றன. மற்றவர்க்கு ஒரு ஹெராக்ளிஸ் என்றால், எங்களுக்கும் ஒருவன் வேண்டாமா? கி.மு. 490இல் மாரத்தான் களத்திலே தீசியசின் ஆவி முன்னணியில் நின்று போரிட்டதைக் கண்டோம் என்றனர். யூரிப்பிடிசின் நாடகமொன்றிலே இந்த அரசன் மேடையேறி, எங்கள் நாட்டிலே ஒருவன் ஆள்வதில்லை, மக்களே ஆள்கிறார்கள் என்று முழங்குகிறான். முடிசூடியவன் வாயால் மக்களாட்சி முழக்கம்!

இதிலே கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. அயலானுக்குக் கப்பம் கட்டும் இழிவைத் துடைத்தவன் என்பதுதானே தீசியசின் புகழ்? அவனைக் கொண்டாடிய ஏதென்சே, கி.மு. 478இல் தோன்றிய டீலோஸ் கூட்டணியின் தலைமையைப் பெற்று, நட்பு நகரங்களிடம் கப்பம் வசூலித்தது. கி.மு. 454இல் கூட்டணியின் கருவூலமே ஏதென்சுக்கு வந்துவிட்டது. மைனாஸ் கிரீட்டில் சாகவில்லை, ஊர் மாறினான்!

எலும்பு அரசியலில் ஏதென்சு முதல்வனுமல்ல. முந்திய நூற்றாண்டிலேயே ஸ்பார்ட்டா, டீஜியா ஊரிலிருந்து ஒரெஸ்டசின் எலும்பைக் கவர்ந்து வந்தது. ஏழு முழப் பேழையாம்! பண்டை விலங்குகளின் கல்லாகிப்போன பெரிய எலும்புகளையே வீரர்களின் எலும்பென்று கிரேக்கர் எண்ணியிருக்கக்கூடும் என்று ஏட்ரியன் மேயர் என்ற அம்மையார் 2000இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். மாவீரன் என்று மாலையிட்டது, மாண்டுபோன மத யானையினத்துக்காகவும் இருக்கலாம்!

கிரீட்டிலே 1900இல் ஆர்தர் ஈவன்ஸ் கினோசஸ் அரண்மனையைத் தோண்டத் தொடங்கியதும், பார்த்தீர்களா, கதை மெய்யாயிற்று என்றனர் சிலர். அறைகள் அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கும் மாளிகை கிடைத்தது. காளையின் மேல் தாவிக் குதிக்கும் இளைஞரின் ஓவியமும் கிடைத்தது. மகிழ்ச்சி. மாளிகை இருந்தது என்பதற்கு அது சான்று. காளைத்தலையன் இருந்ததற்கு? தீசியஸ் போனதற்கு? மதுரை இருக்கிறது என்பதால் மண் சுமந்த கதை மெய்யாகிவிடுமா!

மீண்டும் ஏதென்சுக்கு வருவோம். எலும்புகளை வைத்த தீசியசின் கோயில், வலியவர்க்கு அஞ்சி ஓடிவரும் அடிமைகளுக்கும் எளியவர்க்கும் புகலிடமாயிற்று. அடிமைக்கு அங்கே விடுதலை கிடைத்ததோ? இல்லை. என்னை வேறொரு எசமானுக்கு விற்றுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்ளும் உரிமை கிடைத்தது! ஓர் ஊரையே அடிமையாக்கிக் கொண்டுவந்த எலும்பு, அடிமைக்குக் காவல்!

கி.மு. 399. நகரம் ஏற்கும் தேவர்களை ஏற்காதவன், இளைஞரைக் கெடுப்பவன் என்று எழுபது வயதுச் சாக்ரடீசுக்கு மரண தண்டனை. ஆனால் உடனே கொல்லவில்லை. ஏன்? கிரீட்டிலிருந்து தீசியஸ் உயிரோடு மீண்டதற்கு நன்றியாக ஆண்டுதோறும் டீலோசுக்கு ஒரு கப்பல் போகும். அது போய்த் திரும்பும் வரை நகரத்திலே எவரையும் கொல்லலாகாது, தூய்மை கெட்டுவிடும்! கப்பலுக்கு மாலை சூட்டியது, வழக்கு நடந்ததற்கு முதல் நாள். காற்று எதிராக வீசியது போலும். 30 நாள் கடந்தது என்கிறார் செனபான். ஒரு கட்டுக்கதைக்காக உயிர் நீடித்தது, கதைகளைக் கேள்வி கேட்டவன் என்று பழிக்கப்பட்டவனுக்கு. சிறையிலே நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார் கிழவர். ஒரு நாள் மாலை, டீலோசிலிருந்து கப்பல் வந்துவிட்டது என்ற செய்தி வந்தது. மறுநாள் பொழுது சாயும் வேளையில் நஞ்சுக் கிண்ணம் வந்தது.