சாட்சியத்தின் விலை

மொன்றியலில் உணவகக் குசினிகளில் வேலை செய்யும் எம்மவர்க்கு ஊர்ச் செய்தி இன்று கைத்தொலைபேசியில்தான் வருகிறது. படம் பிடிப்பவரும் அதை அனுப்புபவரும் சாதாரண சனங்களே. கையில் தொலைபேசி உள்ள எவரும் பத்திரிகையாளராகலாம் என்கிறார்கள். அப்படியானால் அந்தத் தொழிலின் பொறுப்பு எது? விடையைத் தேட நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை.

1988 இல் யாழ். பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு தோன்றியது. அதை நடத்தியவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர். ரஜனி திராணகம உடற்கூற்றியல் கற்பித்தவர். ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும் கணித ஆசிரியர்கள். தயா சோமசுந்தரம் உளநல மருத்துவர். இந்நால்வரும் எழுதிய 'முறிந்த பனை', 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ். ஆஸ்பத்திரிக்குள் நடத்திய கொலைகளைப் பதிவு செய்தது. இயக்கங்கள் செய்த கொலைகளையும் அதே கண்டிப்போடு பதிவு செய்தது. தன் பக்கத்துக் குற்றத்தை மறைப்பவன் எதிரியின் குற்றத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்? 1989 செப்ரெம்பர் 21 இல், சைக்கிளில் வீடு திரும்புகையில், ரஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35. விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று அவரது தோழர்கள் எழுதினார்கள். நூல் 1990 இல் வெளிவந்தது.

2009 இல் வன்னிப் போர்முனைக்குள் சுயாதீனப் பத்திரிகையாளர்கள் விடப்படவில்லை. அங்கு நின்ற அரச வைத்தியர்கள் சிலரே இறந்தோர், காயப்பட்டோர் விபரத்தைத் தொலைபேசியில் வெளியுலகுக்குச் சொன்னார்கள். மே மாதம் போர் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். யூலையில், தடுப்பில் இருந்தபடியே, கொழும்பில் ஊடகங்களின் முன் நிறுத்தப்பட்டு, தாம் சொன்னவை மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். கடல் கடந்து வந்துவிட்ட எமக்கு அவர்களைக் குறைசொல்லும் தகுதி இல்லை. செய்தி எம்மிடம் வந்தது. அதற்கான விலையை அவர்கள் அங்கே கொடுத்தார்கள்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 25 இல் பிரித்தானியாவின் சனல் 4 ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்ட நிர்வாணக் கைதிகள் தலையில் சுடப்படும் காட்சி அது. போலி என்றது அரசு. 2010 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், நிபுணர்களின் ஆய்வு அது உண்மையானதென்றே வலுவாகக் காட்டுகிறது என்று அறிவித்தார். கொலைஞர் தரப்பு வெற்றிக் களிப்பில் பிடித்த படம் அவர்களுக்கே எதிரான சாட்சியமாயிற்று.

ஆனால் அதுபோன்ற படங்கள் எம்மவரிடையே வேறு விதமாகவும் பரவின. கொல்லப்பட்ட பெண்களின் உடல்கள் சுவரொட்டிகளுக்கும் வந்தன, கைத்தொலைபேசிகளுக்கும் வந்தன. அவமானப்படுத்தவென்று எடுத்த படத்தை அப்படியே பரப்பினால், அந்த அவமானத்தையும் சேர்த்தே பரப்புகிறோம். அப்பெண்ணின் தாயும் எங்கோ ஒரு தொலைபேசி வைத்திருக்கிறாள்.

அனுப்பாவிட்டால் உலகம் எப்படி அறியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உலகம் கேட்பது மூலப்பிரதியை; எப்போது, எங்கே, யார் எடுத்தது என்ற விபரத்தை. கைமாறிக் கைமாறி வரும் படத்தில் இவை அழிந்துபோகின்றன. 2021 இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. மூலப்பிரதி வைத்திருப்பவர் அதை அங்கு சேர்ப்பிக்கலாம். எடுத்தவரின் பெயரை மறைக்கலாம். இறந்தவரின் உடலை மூடலாம். எமது தரப்புச் செய்த குற்றத்தின் சாட்சியம் கையில் கிடைத்தாலும் இதையே செய்ய நாம் தயாரா என்பதுதான் மிச்சக் கேள்வி.