192.168: ஒரு வீட்டு விலாசத்தின் கதை

நம்ம இருங்காட்டுக்கோட்டையில 1998ல சான்ட்ரோ உருண்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஹூண்டாய் இந்தியாவுல கம்பெனியா பதிவான அதே 1996ல, பிப்ரவரி மாசம், ஆர்.எஃப்.சி 1918னு ஒரு சின்ன ஆவணம் வந்துச்சு. நம்ம வீட்டு ரூட்டர்ல இருக்கிற 192.168க்கு ஆதாரம் அதுதான்.

1981ல இணைய முகவரிக்கு 32 பிட் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. மொத்தம் சுமார் 429 கோடி. ஆரம்பத்துல சில பெரிய நிறுவனங்களுக்கு ஆளுக்கு 1.67 கோடி முகவரின்னு அள்ளிக் கொடுத்தாங்க (அரசு புறம்போக்கு மாதிரி!). அப்புறம் முழிச்சுக்கிட்டு, சில எண்களை மட்டும் 'உள்ளுக்குள்ள யார் வேணா வச்சுக்கலாம்'னு ஒதுக்கினாங்க. வெளிய போகும்போது ரூட்டர் தன்னோட ஒரே முகவரியை ஒட்டி அனுப்பிடும்.

நைட் ஷிஃப்ட்ல இருந்தபடி அம்மாவைப் பாக்க ஒரு கேமரா வாங்கி, 192.168.1.50னு நிலையா ஒதுக்கினேன். வீட்டுக்குள்ள ஜம்முனு ஓடுது. வெளியில இருந்து எட்டல. காரணம் ரூட்டரோட வெளிமுகவரி. அது 100.72ல ஆரம்பிக்குது!

2011 பிப்ரவரி 3ல உலகக் கையிருப்பு காலி. இணைப்பு கொடுக்கிறவங்க பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால நிறுத்தறதுக்குன்னே 2012 ஏப்ரல்ல 100.64 தொகுப்பை ஒதுக்கினாங்க. ஆக, நிலையான முகவரி வேணும்னா மாசாமாசம் தனிக்காசு. 128 பிட் ஐபிவி6 சும்மாவே வருது. கேமராவுக்குத்தான் அது புரியல :-(